சந்தேகங்களுக்கு விளக்கம்: ஒரு ரவுட்டர் பொய் சொன்னா மற்ற ரவுட்டர் என்ன செய்யும்?

வணக்கம். குரல் கேக்குதுதானே? மழை தகரத்தில போட்டு அடிக்குது, அதால கொஞ்சம் சத்தமாக் கதைக்கிறன். இண்டைக்குப் புதுப் பாடம் இல்லை, சந்தேகத்துக்குப் பதில் சொல்லுற நாள். பதினெட்டுக் கேள்வி வந்து கிடக்கு. நான் ஒண்டே ஒண்டுக்குத்தான் பதில் சொல்லப் போறன். மற்றப் பதினேழு பேரும் கோவிக்காதேங்கோ.

அந்த ஒரு கேள்வி மல்லாவியில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பினது. உயர்தரத்தில ஐ.சி.ரி. படிக்கிறாவாம். புதுசா வந்த ஆக்களுக்கு: தரவைச் சின்னச் சின்னப் பொதியா ஒரு நெற்வேர்க்கில இருந்து இன்னொரு நெற்வேர்க்குக்கு வழி பாத்து அனுப்புற பெட்டிதான் ரவுட்டர். அவ எழுதினதை அப்பிடியே வாசிக்கிறன். "அண்ணா, ரவுட்டர்கள் தங்களுக்குள்ள பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் எண்டு போன முறை சொன்னீங்கள். ஒரு ரவுட்டர் சொல்லுறதை மற்ற ரவுட்டர் ஏன் நம்புது? அது பொய் சொன்னா என்ன நடக்கும்? எங்கட வீட்டில இருக்கிற ரவுட்டரும் இப்பிடிக் கதைக்குமோ?"

எனக்கு இதை வாசிச்ச உடன பெரிய சந்தோசம். ஏனெண்டா புத்தகத்தில "பகிர்ந்துகொள்ளும்" எண்டு ஒரு சொல்லோட விட்டிடுவினம். நாங்களும் அதைப் பாடமாக்கி எழுதிப்போட்டு வந்திடுவம். நம்பலாமோ எண்டு ஆரும் கேக்கிறதில்லை. இந்தப் பிள்ளை கேட்டிருக்கிறா.

இப்ப நான் கதைச்சதில ஒண்டைக் கவனிச்சனீங்களோ தெரியேல்லை. "ஐ.சி.ரி. படிக்கிறாவாம்" எண்டு சொன்னன். "படிக்கிறா" எண்டு சொல்லேல்லை. அவ படிக்கிறதை நான் காணேல்லை, அவ எழுதினதை வைச்சுச் சொல்லுறன். அந்தக் கடைசியில ஒட்டியிருக்கிற "ஆம்" இருக்கெல்லோ, அதுதான் இண்டைக்கு முழுப் பாடமும். வேற ஒண்டும் ஞாபகம் இல்லாட்டியும் பறவாயில்லை, அந்த "ஆம்" மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

வன்னியில இருந்த ஆக்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. "பாதை திறந்திட்டாங்கள்" எண்டு ஒருத்தர் வந்து சொன்னா, அவர் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வந்தவர். "பாதை திறந்திட்டாங்களாம்" எண்டு சொன்னா, அவர் சந்தைக்குப் போய் வந்தவர். 2006 ஆவணியில ஏ9 வீதியைப் பூட்டின நேரம் நான் பெடியன். அதுக்குப் பிறகு எத்தனை "திறக்கிறாங்களாம்" கேட்டிருப்பன் எண்டு எண்ணேலாது. ஒருத்தரும் பொய் சொல்லேல்லை பாருங்கோ. ஒவ்வொருத்தரும் தாங்கள் கேட்டதைத்தான் உண்மையாச் சொன்னவை. ஆனா கதை சுத்திச் சுத்தி, முதல் சொன்னவரிட்டயே திரும்பி வந்து, "ஓ, அப்ப உண்மைதான் போல" எண்டு அவரும் நம்பினவர்.

அது இருக்கட்டும். ரவுட்டருக்கு வருவம்.

ரிப் எண்டு ஒரு பழைய புரட்டோகோல், அதாவது ரவுட்டர்கள் தங்களுக்குள்ள கதைக்கிற ஒழுங்கு. பாவனையில அதுக்கு முதலே இருந்தது, 1988 ஆனியில ஆர்.எஃப்.சி. 1058 எண்ட ஆவணமா ஒழுங்கா எழுதி வெளியிட்டவை. ரிப் ஓடுற ரவுட்டர் 30 செக்கனுக்கு ஒருக்கா தன்ர பக்கத்து ரவுட்டருகளுக்குத் தன்ர பட்டியல் முழுக்கச் சொல்லும். இந்த நெற்வேர்க்குக்குப் போக என்னால ஏலும், இத்தனை ரவுட்டர் தாண்ட வேணும். அந்த நெற்வேர்க்குக்கும் ஏலும், இத்தனை தாண்ட வேணும். அவ்வளவுதான் சொல்லும். எந்த வழியால போகுது, நடுவில ஆர் ஆர் நிக்கினம், கதை ஆரிட்டக் கேட்டது, ஒண்டும் சொல்லாது. கேக்கிற ரவுட்டர் அதோட ஒண்டைக் கூட்டித் தன்ர பட்டியலில போட்டு, தானும் அடுத்த ஆளுக்குச் சொல்லும். அதாவது ரிப் முழுக்க முழுக்க "ஆம்" இல ஓடுறது. "முல்லைத்தீவு ரெண்டு ரவுட்டர் தூரமாம்." "மூண்டாம்." "நாலாம்."

கொப்பியை எடுத்துக் கீறுங்கோ. மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. ஏ34 வீதி மாதிரி ஒரே கோட்டில மூண்டு ரவுட்டர். முல்லைத்தீவில ஒரு நெற்வேர்க் இருக்கு. ஒட்டுசுட்டான் சொல்லுது, "முல்லைத்தீவு எனக்கு 1." மாங்குளம் அதைக் கேட்டு, "அப்ப எனக்கு 2" எண்டு எழுதி வைக்குது. எல்லாம் நல்லம். இப்ப ஒட்டுசுட்டானுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில வெள்ளம் வந்து பாலம் உடைஞ்சு போச்சு எண்டு வைப்பம். ஒட்டுசுட்டானுக்கு வழி இல்லை, அது தன்ர பட்டியலில அழிச்சிட்டுது. அந்த நேரம் பாத்து மாங்குளத்தின்ர 30 செக்கன் வருது. மாங்குளம் வழமை போலச் சொல்லுது, "முல்லைத்தீவுக்கு எனக்கு வழி இருக்கு, 2." ஒட்டுசுட்டான் நினைக்குது, அட, இவரிட்ட ஒரு வழி இருக்கே, அப்ப இவரால போனா 3. அந்த 2 எண்டது தான் முந்திச் சொன்ன கதைதான் எண்டு அதுக்குத் தெரியாது! பேந்து ஒட்டுசுட்டான் "எனக்கு 3" எண்டு சொல்ல, மாங்குளம் தான் நம்பியிருக்கிற ஆளே கூட்டிச் சொல்லுறபடியால், 4 எண்டு மாத்தும். 5. 6. 7. ரெண்டும் ஒண்டை ஒண்டு பாத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கும். அதுக்கிடையில முல்லைத்தீவுக்கு எண்டு வாற பொதி ஒவ்வொண்டும் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில பந்து மாதிரிப் போய் வரும்.

எங்க போய் நிக்கும்? 16 இல. ரிப் இல 16 எண்டா முடிவிலி. 15 க்கு மேல ஒரு இடமும் இல்லை எண்டு முதலே பேசி வைச்சிட்டினம். சும்மா ஒரு இலக்கம் வைக்கேல்லை, இந்த எண்ணிக்கை எங்கயாவது நிக்க வேணும் எண்டுதான் அவ்வளவு சின்ன இலக்கம் வைச்சது. 30 செக்கனுக்கு ரெண்டு ரெண்டாக் கூடினா 16 க்கு வர மூண்டு, நாலு நிமிசம். பரீட்சையில "ரிப் இல அதிகபட்சம் எத்தனை" எண்டு கேட்டா 15 எண்டு எழுதுவீங்கள். ஏன் 15 எண்டு கேட்டா இந்த மாங்குளம் ஒட்டுசுட்டான் கதையை எழுதுங்கோ.

இதுக்கு மருந்தும் வைச்சவை. ஒரு மருந்து: நீ எனக்குச் சொன்ன கதையை நான் உனக்கே திருப்பிச் சொல்ல மாட்டன். இன்னொண்டு: திருப்பிச் சொல்லுவன், ஆனா 16 எண்டு சொல்லுவன், அப்பத்தான் நீ என்னை நம்பி வராய். மாங்குளம், ஒட்டுசுட்டான் மாதிரி ரெண்டு பேருக்கு இடையில இது வேலை செய்யும். மூண்டு பேர் வட்டமா இருந்தா? ஒட்டுசுட்டானில இருந்து புதுக்குடியிருப்புக்கும் ரோட்டு இருக்கு, அங்க இருந்து பரந்தனால சுத்தி மாங்குளத்துக்கு வரலாம். கதை அந்த வட்டத்தால சுத்தி வந்தா, இது தன்ர கதைதான் எண்டு ஒட்டுசுட்டானுக்கு எப்பிடித் தெரியும்? தெரியாது. ஏன்? கதையில "ஆம்" தான் இருக்கு, ஆர் சொன்னது எண்டு இல்லை.

இப்ப தங்கச்சியின்ர கேள்விக்கு முதல் பாதிப் பதில் வந்திட்டுது. இங்க ஒருத்தரும் பொய் சொல்லேல்லை. நெற்வேர்க் நாலு நிமிசம் படுத்திட்டுது.

சரி, "ஆம்" இல்லாமக் கதைக்கிற ஒரு ஏற்பாடு செய்யேலாதோ? அதுதான் ஓ.எஸ்.பி.எஃப். எண்ட இன்னொரு புரட்டோகோல். இதில ரவுட்டர் தன்ர கண்ணால கண்டதை மட்டும்தான் சொல்லும். நான் மாங்குளம். எனக்குப் பக்கத்தில ஒட்டுசுட்டான் இருக்கு, அந்த ரோட்டின்ர விலை 10. புளியங்குளம் இருக்கு, விலை 1. அவ்வளவுதான். "முல்லைத்தீவு எவ்வளவு தூரம்" எண்டு மாங்குளம் வாயே திறக்காது, ஏனெண்டா அது மாங்குளம் கண்டதில்லை. இப்பிடி ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு துண்டு எழுதும். அந்தத் துண்டை மற்ற எல்லா ரவுட்டரும் கைமாறிக் கைமாறி ஊர் முழுக்கக் குடுக்கும், ஆனா ஒரு எழுத்தும் மாத்தக் கூடாது. செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரி. மாங்குளத்தில ஒட்டினதும் முள்ளியவளையில ஒட்டினதும் ஒரே பேர், ஒரே வயசு, ஒரே நேரம். வாயால போன செய்தி எண்டா முள்ளியவளைக்குப் போய்ச் சேரேக்க செத்த ஆளே மாறிப் போயிருப்பார்.

எல்லாத் துண்டும் சேந்த உடன ஒவ்வொரு ரவுட்டரிட்டயும் முழு வரைபடம் இருக்கும். பிறகு தான் நிக்கிற இடத்தில இருந்து ஒவ்வொரு இடத்துக்கும் மலிவான வழி எது எண்டு தானே கணக்குப் பாக்கும். அந்தக் கணக்கு டைக்ஸ்ட்ரா எண்ட நெதர்லாந்துக்காரர் 1956 இல யோசிச்சது. அம்ஸ்ரடாமில கடைக்குப் போன இடத்தில, கட்டப்போற பொம்பிளையோட ஒரு கோப்பிக் கடையில இருந்து, 20 நிமிசத்தில மனசுக்குள்ள செய்தாராம். இதுவும் "ஆம்" தான், ஆனா அவரே சொன்ன கதை. 1959 இல எழுதி வெளியிட்டவர். ரொற்றடாமில இருந்து குரோனிங்கனுக்குக் கிட்டின வழி எது எண்டதுதான் அவர் யோசிச்ச கணக்கு. நாங்கள் மாங்குளத்தை வைச்சு யோசிக்கிற மாதிரித்தான்.

விலை எண்டு சொன்னனான்தானே. ரிப் ரவுட்டரின்ர எண்ணிக்கையை மட்டும் பாக்கும். புளியங்குளத்தில இருந்து முல்லைத்தீவுக்குப் போறதெண்டா, அந்தக் காலத்து நெடுங்கேணிக் கிறவல் ரோட்டில ஒரு சந்தி குறையுது எண்டு அதாலதான் பஸ்ஸை விடும். பள்ளத்தில அச்சு முறிஞ்சாலும் ரிப் க்குக் கவலை இல்லை. ஓ.எஸ்.பி.எஃப். காபெற் ரோட்டுக்கு ஒரு விலை, கிறவலுக்கு ஒரு விலை போடும். ஒரு சின்ன எச்சரிக்கை: சிஸ்கோ கொம்பனியின்ர ரவுட்டரில நாங்கள் ஒண்டும் மாத்தாட்டி 100 மெகாபிற் லிங்க்குக்கும் விலை 1, ஜிகாபிற் லிங்க்குக்கும் விலை 1. பத்து மடங்கு வித்தியாசம் அதின்ர கண்ணுக்குத் தெரியாது. அதை நாங்கள்தான் மாத்தி வைக்க வேணும். வேலைக்குப் போற பிள்ளையள் இதை எங்கயாவது குறிச்சு வையுங்கோ.

இப்ப பொய்க்கு வருவம். ஓ.எஸ்.பி.எஃப். இல மாங்குளம் எழும்பி, "எனக்கும் முல்லைத்தீவுக்கும் நேர் லிங்க் இருக்கு" எண்டு ஒரு பொய்த் துண்டு எழுதினா? மற்ற ரவுட்டர்கள் கணக்குப் பாக்கேக்க முல்லைத்தீவின்ர துண்டையும் எடுத்துப் பாக்கும். அதில மாங்குளம் இல்லாட்டி அந்த லிங்க்கைக் கணக்கில எடுக்காது. கலியாணம் எண்டா ரெண்டு பக்கமும் கையெழுத்து வேணும்தானே. ஆனா, "என்ர வளவுக்குள்ள இந்த நெற்வேர்க் இருக்கு" எண்டு சொல்லுற பொய்யை இப்பிடிப் பிடிக்கேலாது, அதுக்கு மறுபக்கச் சாட்சி இல்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம். ஆனா அது சொல்லுறது ஆர் எண்டதைத்தான் காட்டும், சொல்லுறது உண்மையோ எண்டு காட்டாது. இன்னுமொண்டு. பெரிய நெற்வேர்க்கை ஓ.எஸ்.பி.எஃப். இல பகுதி பகுதியாப் பிரிப்பம். ஒரு பகுதிக்குள்ளதான் முழு வரைபடம். அடுத்த பகுதியைப் பற்றி எல்லையில நிக்கிற ரவுட்டர் சுருக்கிச் சொல்லும். சுருக்கிச் சொல்லுறது எண்டா என்ன? திரும்பவும் "ஆம்"! அதாலதான் எல்லாப் பகுதியும் பூச்சியப் பகுதி எண்ட நடுப் பகுதியோடதான் ஒட்ட வேணும் எண்டு சட்டம். "ஆம்" வட்டமடிக்கக் கூடாது எண்டதுக்காக.

சரி, கண்டதை மட்டும் சொன்னா எல்லாம் சரிவருமோ? அதுவும் இல்லை. இன்ரநெற்றுக்குத் தாய் மாதிரி அர்ப்பாநெற் எண்டு அமெரிக்காவில இருந்தது. அதுவும் முதல் "ஆம்" முறையிலதான் ஓடினது, பிறகு கண்டதைச் சொல்லுற முறைக்கு மாறினது. 1980 ஐப்பசி 27 ஆம் திகதி அது முழுக்கப் படுத்திட்டுது. கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம். நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் பாப்பம், எனக்கு இது நல்ல விருப்பமான கதை.

துண்டு ஒவ்வொண்டிலயும் ஒரு தொடர் இலக்கம் இருக்கும், எது புதுசு எண்டு தெரியிறதுக்கு. அர்ப்பாநெற்றில அந்த இலக்கத்துக்கு 6 பிற் இடம், ஒரு பிற் எண்டா ஒரு 0 அல்லது ஒரு 1. 0 இல தொடங்கி 63 வரை போய்த் திரும்ப 0, மணிக்கூடு மாதிரி வட்டம். வட்டத்தில எது முன்னுக்கு, எது பின்னுக்கு? அரை வட்டத்துக்குள்ள முன்னால நிக்கிறதுதான் புதுசு எண்டு வைச்சவை. ஒரு ரவுட்டரின்ர துண்டின்ர இலக்கம் 44. ஞாபகச் சில்லில ஒரு பிற் விழுந்து அதே துண்டு 40 ஆப் போச்சு. இன்னொரு பிற் விழுந்து 8 ஆப் போச்சு. நீங்களே இரும எண்ணில எழுதிப் பாருங்கோ: 101100, 101000, 001000. இப்ப மூண்டு துண்டு சுத்துது. 40 ஐ விட 44 புதுசு. 8 ஐ விட 40 புதுசு. 44 ஐ விட 8 புதுசு, ஏனெண்டா வட்டம்! ஒவ்வொண்டும் மற்றதை "நீ பழசு" எண்டு தள்ள, மூண்டும் முடிவில்லாம ஊர் முழுக்கச் சுத்திச் சுத்தி ஓடினது. ரவுட்டர்களுக்கு வேற வேலைக்கு நேரமில்லை. இங்கயும் ஒருத்தரும் பொய் சொல்லேல்லை, ரெண்டு பிற் விழுந்தது.

அதில பட்ட பாட்டாலதான் இண்டைக்கு நாங்கள் பாவிக்கிற ஓ.எஸ்.பி.எஃப். இல இலக்கம் 32 பிற், வட்டமில்லை, நேர்கோடு. துண்டில ஒரு எழுத்து மாறினாலும் பிடிக்கிறதுக்குச் சரிபார்ப்புத் தொகை இருக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் வயசும் இருக்கு: 30 நிமிசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்க வேணும், ஒரு மணித்தியாலம் புதுப்பிக்காட்டித் தூக்கி எறியலாம்.

இனி நான் ஒண்டு சொல்லட்டோ? தங்கச்சி, உங்கட கேள்வி நல்ல கேள்வி. ஆனா நான் எண்டா வேற கேள்வி கேட்டிருப்பன். ரவுட்டர் பொய் சொல்லுறது ஆயிரத்தில ஒருக்கா. ரவுட்டர் பேசாம இருக்கிறது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. ஒரு வழி இருக்கு எண்டு அறியிறது லேசு, ஆராவது வந்து சொல்லுவினம். அந்த வழி செத்துப் போச்சு எண்டு எப்பிடி அறியிறது? செத்தது வந்து சொல்லாதே.

நான் முந்தி ஒரு இடத்தில வேலை செய்தனான், பேர் வேண்டாம். நாலு கிளை. ஒவ்வொரு ரவுட்டருக்கும் நாங்களே கையால வழி எழுதிக் குடுத்திருந்தம். ஒரு கிளைக்கு ரேடியோ லிங்க் ஒண்டு, அது விழுந்தாப் பாவிக்க இன்னொரு லைன். ரெண்டாவது வழியையும் எழுதி, "முதலாவது போனா இதைப் பாவி" எண்டு போட்டது நான்தான். நல்லாச் செய்து வைச்சிருக்கிறன் எண்டு ஒரு பெருமை வேற. மார்கழி மழையில ஒருநாள் இரவு ரேடியோ டிஸ் திரும்பிப் போச்சு. ரெண்டாவது லைன் பச்சை லைற்றோட சும்மா எரிஞ்சுகொண்டு நிக்குது, ஒரு பொதியும் அதால போகேல்லை. நான் மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போறன். அந்த ரோட்டில இரவில யானை நிக்கும், அது வேற பயம். போய்ப் பாத்தா என்ன? ரவுட்டரில இருந்து கூரையில இருக்கிற ரேடியோப் பெட்டிக்குப் போற கேபிள் உயிரோட இருக்கு. ரவுட்டருக்குத் தெரிஞ்சது அந்தக் கேபிள் மட்டும்தான். கேபிள் உயிரோட இருந்தா வழி உயிரோட இருக்கு எண்டு அது நினைச்சது. கூரைக்கு அங்கால காத்தில நடந்ததை அதுக்கு ஆர் சொல்லுறது?

இந்த இடத்துக்குத்தான் ஹலோ எண்டு ஒண்டு இருக்கு. ஓ.எஸ்.பி.எஃப். ரவுட்டர் 10 செக்கனுக்கு ஒருக்கா "இருக்கிறன்" எண்டு சொல்லும். வேற ஒண்டும் இல்லை, "இருக்கிறன்." எங்கட பக்கத்து வளவில ஒரு அம்மம்மா இருந்தவ. விடியக் காலமை அவ முத்தம் கூட்டுற சத்தம் கேட்டுத்தான் நாங்கள் எழும்புறது. ஒருநாள் சத்தம் இல்லாட்டி, சரி, மழை, கூட்டேல்லை போல எண்டு விடுவம். நாலு நாள் இல்லாட்டி? வேலிப் பொட்டுக்குள்ளால போய்ப் பாப்பம்தானே. ஓ.எஸ்.பி.எஃப். உம் அப்பிடித்தான். 40 செக்கன், அதாவது நாலு ஹலோ அளவுக்குச் சத்தம் இல்லாட்டி, பக்கத்து ரவுட்டர் இல்லை எண்டு எடுத்து, துண்டை மாத்தி எழுதி ஊருக்கு அனுப்பும். ரிப் இல இந்தக் காத்திருப்பு 180 செக்கன்.

இதை நான் வீட்டில செய்து பாத்தனான். பழைய ரவுட்டர் மூண்டு வாங்கி வைச்சிருக்கிறன், பழைய காணொளியில காட்டினனான், பலகையில ஏத்தி வைச்சிருக்கு. ரெண்டு ரவுட்டரை நேரா ஒரு கேபிளால இணைச்சுப்போட்டு கேபிளை இழுத்தன். அந்தச் செக்கனே தெரிஞ்சிட்டுது, ஏனெண்டா லைற் அணைஞ்சுது. பிறகு நடுவில ஒரு சுவிச் வைச்சன். சுவிச்சுக்கு அங்கால இருக்கிற கேபிளை இழுத்தன். இங்கால ரவுட்டரின்ர லைற் எரியுது, அது பாட்டில நிம்மதியா இருக்குது. போனில நேரம் பாத்துக்கொண்டு இருந்தன். 34 செக்கனில கண்டுபிடிச்சுது. 40 எல்லோ வரவேணும், ஏன் 34? கடைசி ஹலோ வந்து 6 செக்கனுக்குப் பிறகு நான் கேபிளை இழுத்திருக்கிறன். மணிக்கூடு நான் இழுத்த நேரத்தில இருந்து ஓடுறதில்லை, கடைசியாக் குரல் கேட்ட நேரத்தில இருந்துதான் ஓடுது. இதை என்ர கண்ணால கண்டது, "ஆம்" இல்லை.

34 செக்கன் எண்டது பாங்கில நிக்கிற ஆளுக்கு, வீடியோவில கதைக்கிற ஆளுக்கு, நீண்ட நேரம். அதால இப்ப மில்லிசெக்கன் கணக்கில "இருக்கிறன், இருக்கிறன்" எண்டு சொல்லுறதுக்கெண்டே பி.எஃப்.டி. எண்டு தனி ஏற்பாடு இருக்கு. அது இன்னொரு நாளைக்கு.

பொய் எண்டு கேட்ட பிள்ளைக்கு உண்மையான ஒரு சம்பவம் சொல்லாம விட்டா ஏமாத்தினதாப் போயிடும். நான் இவ்வளவும் சொன்னது ஒரு நிறுவனத்துக்குள்ள. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையில, நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில கதைக்கிறது பி.ஜி.பி. இன்ரநெற் முழுக்க அதிலதான் நிக்குது. பி.ஜி.பி. திரும்பவும் "ஆம்" தான். ஆனா கெட்டிக்கார "ஆம்". எப்பிடியெண்டா, முழு வரிசையும் சொல்ல வேணும். "முல்லைத்தீவுக்கு வழி இருக்காம், எனக்கு ஒட்டுசுட்டான் சொன்னது, அதுக்கு முள்ளியவளை சொன்னது, அதுக்கு முல்லைத்தீவே சொன்னது." கேக்கிற ஆள் அந்த வரிசையில தன்ர பேர் இருக்கோ எண்டு பாக்கும். இருந்தா, இது என்ர கதைதான் சுத்தி வந்திருக்கு எண்டு எறிஞ்சிடும். ரிப் க்கு வந்த வருத்தம் இதுக்கு வராது.

ஆனா வரிசையின்ர முதல் ஆளே பிழையாச் சொன்னா? 2008 மாசி 24 இல பாகிஸ்தானில யூரியூப்பைத் தடை செய்யச் சொல்லி உத்தரவு. பாகிஸ்தான் ரெலிகொம் தங்கட நாட்டுக்குள்ள மட்டும் மறிக்கிறதுக்காக ஒரு போலி வழி போட்டது. அது எல்லை தாண்டி வெளியில போட்டுது. யூரியூப் தன்ர முகவரித் தொகுதி எண்டு சொல்லிக்கொண்டிருந்தது 208.65.152.0, சாய்கோடு 22 எண்டு. இது வெளிய போனது 208.65.153.0, சாய்கோடு 24 எண்டு. சாய்கோட்டு இலக்கம் கூடினா முகவரி இன்னும் குறிப்பானது, சின்ன இடம். "முள்ளியவளை" எண்டு ஒரு பலகையும், "முள்ளியவளை, 3 ஆம் வட்டாரம்" எண்டு இன்னொரு பலகையும் நிண்டா, 3 ஆம் வட்டாரத்துக்குப் போற ஆள் எதைப் பாத்துப் போவார்? குறிப்பான பலகையைத்தான். ரவுட்டரும் அப்பிடித்தான், ஒருநாளும் மாறாது. உலகம் முழுக்க யூரியூப்புக்குப் போற ஆக்கள் பாகிஸ்தானுக்குப் போய் இருட்டில விழுந்தவை, ரெண்டு மணித்தியாலம் மட்டில. இது வேணுமெண்டு சொன்ன பொய்யும் இல்லை, வீட்டுக்குள்ள சொன்ன கதை வேலியால வெளிய போனது.

இப்ப இதுக்குக் காணி உறுதி மாதிரி ஒண்டு வந்திருக்கு, ஆர்.பி.கே.ஐ. எண்டு. இந்த முகவரித் தொகுதியைச் சொல்ல இன்ன நெற்வேர்க்குக்குத்தான் உரிமை எண்டு கையெழுத்துப் போட்ட உறுதி. கேக்கிற ரவுட்டர் உறுதியோட ஒப்பிட்டுப் பாத்து, பிழையெண்டா ஏற்காம விடலாம். ஆனா உறுதி சொல்லுறது காணிக்காரர் ஆர் எண்டு மட்டும். நடுவில வந்த வரிசை உண்மையோ எண்டு உறுதி சொல்லாது. அதோட எல்லாரும் உறுதியைப் பாக்கிறதும் இல்லை. இதுதான் தங்கச்சி, உங்கட கேள்விக்கு நேரான பதில்.

கடைசியா ஒண்டு விட்டிட்டன், வீட்டு ரவுட்டர். அது ஒருத்தரோடயும் இப்பிடிக் கதைக்கிறதில்லை. உங்கட வீட்டு ரவுட்டருக்குத் தெரிஞ்சது ரெண்டு விசயம். வளவுக்குள்ள ஆர் ஆர் இருக்கினம். மற்ற எல்லாத்துக்கும் படலையால வெளிய போ. உலகத்தில 9 லட்சத்துக்கு மேல வழி இருக்கு, பி.ஜி.பி. ரவுட்டருகள் அதைச் சுமந்துகொண்டு நிக்குது. உங்கட வீட்டுப் பெட்டிக்கு அதெல்லாம் தேவையில்லை, வெளிய போற ஒழுங்கை ஒண்டுதானே.

பக்கெட் ரேசர், அதாவது கணினிக்குள்ளயே நெற்வேர்க் கட்டிப் பாக்கிற மென்பொருள், இருக்கிற பிள்ளையள் ஒரு வேலை செய்யுங்கோ. ரெண்டு ரவுட்டர், நடுவில ஒரு சுவிச், ஓ.எஸ்.பி.எஃப். போடுங்கோ. அங்கால கேபிளை வெட்டிப்போட்டு எத்தனை செக்கனில கண்டுபிடிக்குது எண்டு எண்ணி எனக்கு எழுதுங்கோ. 30 க்கும் 40 க்கும் இடையில வராட்டி ஏன் எண்டு யோசிச்சு அதையும் எழுதுங்கோ. கூட்டாளி சொன்ன இலக்கத்தை எழுதாதேங்கோ, எனக்கு விளங்கும்.

கரண்ட் போட்டுது போல, இன்வேட்டர் கத்துது. மற்றப் பதினேழும் வாற கிழமை. போட்டு வாறன்.